கார் உள்ளே ஒட்டிய வினைல் ஷீட் தூக்குகிறதா, சுருங்குகிறதா? கோளாறு வாரியாகச் சரிசெய்யும் வழி

பியானோ பிளாக் என்று சொல்லி விற்கும் பளபளக் கறுப்பு பிளாஸ்டிக்கைத் துணி வைத்துத் துடைத்தாலே கீறல் விழும். பெரும்பாலும் அதை மறைக்கத்தான் பின்பக்கம் பசையுள்ள மெல்லிய வினைல் ஷீட் ஒட்டத் தொடங்குகிறோம். நானும் என் காரின் கியர் கன்சோலில்தான் தொடங்கினேன். அப்புறம் தம்பி கார், மச்சான் கார், எதிர்வீட்டுக்காரர் கார் என்று ஞாயிற்றுக்கிழமைகள் இதிலேயே போகின்றன. ஒட்டிய அன்று எல்லாமே அழகாக இருக்கும். ஒரு வாரம் கழித்துதான் போன் வரும்: "அண்ணே, ஓரம் தூக்கிருச்சு."

அந்தப் போன்களில் நான் சொல்லும் பதில்களைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் கோளாறு எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணத்தை முதலில் பாருங்கள். செலவு வைக்கும் காரணம் கடைசியில் வரும்.

எந்தக் கோளாறுக்கும் முன்: ஒட்டக் கூடாத இடத்தில் ஒட்டியிருக்கிறீர்களா?

ஸ்டியரிங்கின் நடு மூடி, டேஷ்போர்டில் பயணி பக்கம் ஏர்பேக் இருக்கும் பகுதி, கண்ணாடிகளுக்கு நடுவே நிற்கும் தூண்களில் ஏர்பேக் என்று எழுத்து பொறித்த மூடிகள், சீட்டின் பக்கவாட்டு. இவற்றின் மேல் ஷீட் இருக்கவே கூடாது. ஏர்பேக் விரியும்போது அந்த மூடி குறித்த கோட்டில் பிளந்து வழிவிட வேண்டும். மேலே ஒட்டிய ஷீட் அதைத் தடுக்கலாம், துண்டாகப் பிய்ந்து முகத்தில் அடிக்கவும் செய்யலாம். ஏற்கெனவே ஒட்டியிருந்தால் இன்றே உரித்துவிடுங்கள். அங்கே ஹீட் கன் (சூடான காற்று அடிக்கும் கருவி) காட்ட வேண்டாம், கையால் மெதுவாக உரித்தால் போதும். பசை மிச்சமிருந்தால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துணியை நனைத்துத் துடையுங்கள், நேரடியாக எதையும் தெளிக்காதீர்கள்.

ஓரம் தூக்குகிறது

எனக்கு வரும் போன்களில் பெரும்பாலானவை இதற்குத்தான். கை வைக்கும் முன் ஒரு சோதனை. தூக்கிய ஓரத்தை நகத்தால் இன்னும் ஒரு சென்டிமீட்டர் உரித்து, பசைப் பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். எண்ணெய் தடவியது போல் மினுமினுத்து, விரல் வழுக்கினால் பாலிஷ். சாம்பல் பூத்தது போல் இருந்தால் தூசு. பசை சுத்தமாக இருந்து விரலைப் பிடித்து இழுத்தால் பசையில் குற்றமில்லை. இழுவையிலோ மடிப்பிலோ பிளாஸ்டிக்கிலோதான் காரணம்.

*ஒட்டிய அன்றோ மறுநாளோ தூக்கினால்*

முதல் சந்தேகம் டேஷ்போர்டு பாலிஷ் மேல்தான். வாட்டர் வாஷுக்கு விட்டால் கடைசியாக உள்ளே பளபளவென்று ஒன்றை அடித்துக் கொடுப்பார்களே, அதில் பெரும்பாலும் சிலிகான் இருக்கும். உலர்ந்த துணியால் எவ்வளவு துடைத்தாலும் போகாது. ஷீட்டை உரித்து, பேனலை, அதாவது அது ஒட்டியிருந்த பிளாஸ்டிக் பாகத்தை, கழற்றி அதன் மேல் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். தண்ணீர் விரிந்து படலமாக நின்றால் சுத்தம். முத்து முத்தாகத் திரண்டு ஓடினால் ஒன்று பாலிஷ் இருக்கிறது, இல்லையென்றால் அந்த பிளாஸ்டிக்கின் குணமே அப்படி.

பாத்திரம் துலக்கும் திரவத்தைத் தண்ணீரில் கலந்து, பழைய பல் துலக்கியால் மூலைமுடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவுங்கள். சுவிட்சையும் வயரையும் முன்பே பிரித்துவிட வேண்டும். நன்றாகக் காய்ந்த பிறகு, 70 பங்கு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் 30 பங்கு தண்ணீரும் கலந்து துடையுங்கள். ஒரு துணியால் ஈரமாகத் துடைத்து, அது காயும் முன்பே இன்னொரு உலர்ந்த துணியால் எடுத்துவிட வேண்டும். தானாகக் காயவிட்டால் கரைந்த அழுக்கு அதே இடத்தில் திரும்பப் படியும். வீட்டில் இருக்கிறதே என்று கை சானிடைசரை எடுக்காதீர்கள். அதில் கிளிசரின் கலந்திருக்கும், அதுவே ஒரு படலமாக நின்றுவிடும்.

இரண்டு முறை கழுவித் துடைத்த பிறகும் தண்ணீர் முத்தாகவே நிற்கிறதா? பேனலைத் திருப்பிப் பின்புறம் பாருங்கள். இரண்டு அம்புக்குறிகளுக்கு நடுவே பிளாஸ்டிக்கின் பெயரை ஆங்கில எழுத்தில் பொறித்திருப்பார்கள். ஏபிஎஸ் என்றோ பிசி-ஏபிஎஸ் என்றோ இருந்தால் நல்லது, ஷீட் பிடிக்கும். பிபி என்று தொடங்கினால் பாலிபுரோப்பிலின். அதன் மேல் எந்தப் பசையும் லேசில் நிற்காது. ப்ரைமர் 94 போன்ற ஒட்டு ப்ரைமரை (பசை நன்றாகப் பிடிக்க முன்பே தடவும் திரவம்) ஓரங்களிலும் பள்ளங்களிலும் மட்டும் மெல்லிசாகத் தடவி, காய்ந்த பிறகு ஒட்டிப் பார்க்கலாம். அது எளிதில் தீப்பற்றும், நெடியும் தலையைச் சுற்றவைக்கும். எனவே ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஈரம் இருக்கும்வரை ஹீட் கன்னைப் பக்கத்தில் கொண்டுவராதீர்கள். அதற்கும் தூக்கினால் அந்தப் பேனலுக்கு ஷீட் வேண்டாம். பிளாஸ்டிக் ப்ரைமர் அடித்துப் பெயிண்ட் செய்யும் கடையில் கொடுத்துவிடுங்கள்.

*வெயிலில் நின்ற பிறகு தூக்கினால்*

மச்சான் காரில் நடந்தது இதுதான். கதவின் பவர் விண்டோ சுவிட்ச் பட்டையில் கார்பன் டிசைன் ஷீட் ஒட்டியிருந்தார். இரண்டு வாரம் அசையவில்லை. மே மாதம் ஒரு கல்யாணத்துக்குப் போய், மண்டப வாசலில் காலையிலிருந்து மூன்று மணிவரை கார் வெயிலில் நின்றது. திரும்பி வந்து கதவைத் திறந்தால் பட்டையின் இரண்டு முனைகளிலும் ஷீட் வாழைச்சருகு போல் சுருண்டு நிற்கிறது. பசையைத் தொட்டுப் பார்த்தேன், புதிது போல் ஒட்டியது. பாலிஷ் இல்லை, தூசு இல்லை. முனையில் ஷீட் 3 மில்லிமீட்டர் எட்டாமல் போக, மச்சான் அதைச் சூடுகாட்டி இழுத்து ஒட்டியிருக்கிறார்.

இழுத்த ஷீட் பழைய அளவுக்குத் திரும்பப் பார்க்கும். சூடு பட்டால் அந்த வேகம் கூடும். மூடிய கார் வெயிலில் நின்றால் டேஷ்போர்டு 70 டிகிரியைக்கூடத் தொடும், இழுத்து ஒட்டிய ஓரம் அப்போதுதான் கழன்று வரும். காரணங்களை இந்த வரிசையில் பாருங்கள்:

பின்பக்க மடிப்பு போதாது. பேனலின் ஓரத்தைத் தாண்டிப் பின்னால் 8 முதல் 10 மில்லிமீட்டராவது ஷீட் மடங்கி ஒட்டியிருக்க வேண்டும். ஓரத்தோடு வெட்டியிருந்தால் அந்தத் துண்டைக் காப்பாற்ற வழியில்லை. புதுத் துண்டு வெட்டும்போது நான்கு பக்கமும் 3 சென்டிமீட்டர் கூடுதலாக விடுங்கள். இந்த ஷீட் பெரும்பாலும் 5 அடி அகல ரோலில் வரும். அதில் ஒன்றிரண்டு அடி வாங்கினாலே இரண்டு மூன்று தவறுகளுக்கு இடம் இருக்கும். துணி மிச்சம் பிடிக்கும் தையல்காரர் கணக்கு இங்கே உதவாது.

கடைசிச் சூடு கொடுக்கவில்லை. ஒட்டி முடித்து, மடித்து, வெட்டிய பிறகு, வளைவுகளையும் ஓரங்களையும் ஷீட் தயாரிப்பாளர் சொல்லும் அளவுக்கு மீண்டும் ஒருமுறை சூடாக்க வேண்டும். நல்ல ஷீட்டுகளுக்குப் பெரும்பாலும் அது 90 முதல் 110 டிகிரிக்குள் இருக்கும். இந்தச் சூட்டில்தான் ஷீட் தன் பழைய வடிவத்தை மறந்து புது வடிவத்தில் நிற்கும். ஒட்டும் வேலைக்கு ஹேர் டிரையர் போதும், ஆனால் இதற்கு அதன் சூடு பொதுவாக எட்டாது, ஹீட் கன் வேண்டும். கையால் தொட்டு மதிப்பிடாதீர்கள். துப்பாக்கி வடிவ வெப்பமானி ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள், இந்த வேலையில் நான் செய்த செலவுகளிலேயே அதிகம் பலன் தந்தது அதுதான். ஹீட் கன்னை ஒரே இடத்தில் நிறுத்த வேண்டாம். ஏபிஎஸ் பிளாஸ்டிக்கும் ஏறக்குறைய அதே சூட்டில் இளகத் தொடங்கும். ஓரத்தை ஒட்டி நகர்த்திக்கொண்டே போய், அளவு வந்ததும் எடுத்துவிட வேண்டும்.

ஷீட்டே வளைவுக்கு ஏற்ற வகை இல்லை. நம்பர் பிளேட், கடை போர்டு வேலைக்கு வரும் காலண்டர்டு வினைல் (உருளைகளுக்கு நடுவே அழுத்தித் தயாரிப்பது) விலை குறைவு, ஆனால் வளைவில் நிற்காது, வெயிலில் சுருங்கும். வளைந்த பேனலுக்குக் காஸ்ட் வகை (திரவமாக ஊற்றித் தயாரிப்பது) வேண்டும். 3எம் 2080, ஏவரி டென்னிசன் எஸ்டபிள்யூ900 இரண்டும் அந்த வகைதான். அட்டையில் பெயர் இல்லாத ரோலைக் கடைக்காரர் "அதேதான் சார்" என்று எடுத்துக் கொடுத்தால் வாங்காதீர்கள். சமமான நீளப் பட்டைக்கு மட்டும் காலண்டர்டு போதும்.

*ஒரே மூலை மட்டும் திரும்பத் திரும்பத் தூக்கினால்*

அந்த மூலையில் எது உரசுகிறது என்று பாருங்கள். ஓட்டுபவரின் முழங்கால், சீட் பெல்ட்டின் நாக்கு, கதவை இழுக்கும் விரல். உரசலை நிறுத்த முடியாது, எனவே ஷீட்டின் வெட்டை அந்த இடத்திலிருந்து நகர்த்த வேண்டும். மடிப்பு விழும் முனையைக் கை படாத பக்கத்துக்குக் கொண்டுபோங்கள். மூலை கத்தி போல் கூராக இருந்தால் 600 நம்பர் உப்புத்தாளால் இரண்டு தேய்ப்புத் தேய்த்து முனையை மழுக்குங்கள். அதற்கும் கேட்கவில்லையென்றால் அந்த மூலையில் மட்டும் ப்ரைமர். சூப்பர் க்ளூ வைக்காதீர்கள். அது வெள்ளையாகப் பூத்துவிடும், அடுத்த முறை உரிக்கும்போது பிளாஸ்டிக்கும் சேர்ந்து வரும்.

வளைவில் சுருக்கம் விழுகிறது

சுருக்கத்தின் மேல் ஸ்க்வீஜி அட்டையை (ஷீட்டைத் தேய்த்துப் படியவைக்கும் அட்டை) வைத்து அமுக்கினால் அது நிரந்தர மடிப்பாகிவிடும். உடனே நிறுத்துங்கள். சுருக்கத்துக்கு 5 சென்டிமீட்டர் முன்பிருந்து ஷீட்டைத் தூக்கி, லேசாகச் சூடு காட்டுங்கள். காஸ்ட் ஷீட் கண்ணெதிரே பழைய நிலைக்குத் திரும்பும், சுருக்கம் அப்படியே கரையும். ஆறவிட்டு மறுபடி படியவையுங்கள்.

மறுபடியும் அதே இடத்தில் விழுந்தால் நீங்கள் இழுக்கும் திசையை மாற்ற வேண்டும். சுருக்கத்தின் கோட்டுக்குக் குறுக்கே, அதை விரிப்பது போல் இழுங்கள். வெளிமூலையில் ஷீட் மிஞ்சி நின்றால், பின்னால் மடியும் பகுதியில் ஒரு வெட்டு போட்டு அந்த மிச்சத்தை எடுத்துவிடுங்கள். வெட்டு முன்பக்க ஓரத்துக்கு 2 மில்லிமீட்டர் முன்பே நின்றுவிட வேண்டும். ஓரத்தைத் தொட்டுவிட்டால் வெயிலில் அது வாய் பிளக்கும்.

கப் வைக்கும் குழி, கதவுக் கைப்பிடிக் குழி போன்ற ஆழமான இடங்களை ஒரே துண்டில் மூட முயல்கிறார்கள். வேண்டாம். குழியின் உள்ளே தனித் துண்டை முதலில் ஒட்டி, விளிம்பில் 3 மில்லிமீட்டர் மேலேறும்படி விட்டு, அதன் மேல் பெரிய துண்டைப் போடுங்கள். இணைப்பு தெரியுமே என்று கவலைப்பட வேண்டாம். உள்விளிம்பில் வந்தால் கண்ணுக்கு அகப்படாது.

குமிழ் நிற்கிறது

விரல் நகத்தால் மெல்ல அழுத்துங்கள்.

கடினமாக, மணல் போல் பட்டால் தூசு. அதை அமுக்கிச் சரிசெய்ய முடியாது. அந்த இடம்வரை உரித்து, தூசை மடித்த டேப்பால் ஒற்றி எடுத்து, மறுபடி படியவையுங்கள். அடுத்த முறை மின்விசிறியை நிறுத்திவிட்டு, தரையில் தண்ணீர் தெளித்துத் துடைத்து, கால் மணி நேரம் கழித்து ஒட்டுங்கள். நான் குளியலறையில் வைத்து ஒட்டுகிறேன். வீட்டிலேயே தூசு குறைந்த இடம் அதுதான்.

மெத்தென்று அமுங்கி நகர்ந்தால் காற்று. பசையில் காற்று வெளியேற நுண்ணிய வழி உள்ள ஷீட்டாக இருந்தால் கட்டைவிரலால் ஓரத்தை நோக்கித் தள்ளினாலே போய்விடும். போகவில்லையென்றால் மெல்லிய ஊசியால் சாய்வாக ஒரு குத்து. பிறகு சுற்றிலுமிருந்து அந்தத் துளையை நோக்கி அழுத்துங்கள். பிளேடால் கீற வேண்டாம், கீறல் விரியும்.

அமுக்கினால் போய், மறுநாள் அதே இடத்தில் திரும்ப வந்தால் அடியில் ஈரமோ பெயிண்டோ இருக்கிறது. கழுவிய பேனல் கிளிப் துளைகளில் தண்ணீரை ஒளித்து வைத்திருக்கும். ஒரு ராத்திரி காயவிட்டுத்தான் ஒட்ட வேண்டும். அண்மையில் ஸ்பிரே பெயிண்ட் அடித்த பேனலாக இருந்தால் அதிலிருந்து தின்னர் இன்னும் ஆவியாகிக்கொண்டிருக்கும். உரித்துவிட்டு, பெயிண்ட் முழுக்க இறுகும்வரை காத்திருங்கள்.

நிறம் வெளுத்திருக்கிறது, டிசைன் கோணலாகத் தெரிகிறது

ஒரு பகுதி மட்டும் வெளுத்தால் அளவுக்கு மீறி இழுத்திருக்கிறீர்கள். கார்பன் டிசைனில் கட்டங்கள் பெரிதாகி விரிந்து தெரிவதும் இதனால்தான். இதற்கு மருந்தில்லை, புதுத் துண்டுதான். பளபளப்பு போய் மங்கலாகிவிட்டது என்றால் ஹீட் கன் மிக அருகில் நின்றிருக்கிறது. இதற்கும் புதுத் துண்டுதான். ஸ்க்வீஜி விட்ட மெல்லிய கீறல் மட்டும் என்றால் லேசான சூட்டில் சில ஷீட்டுகளில் மங்கும். அட்டையின் ஓரத்தில் ஃபெல்ட் துணி ஒட்டிக்கொண்டால் கீறலே வராது.

பிரஷ் மெட்டல் ஷீட்டில் ஒரு பேனலின் கோடு கிடையாகவும் பக்கத்துப் பேனலின் கோடு சாய்வாகவும் நிற்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். வெட்டும் முன்பே எல்லாத் துண்டுகளின் பின்தாளிலும் ஒரே திசையில் அம்புக்குறி போட்டுக்கொள்ளுங்கள்.

ஷீட்டின் அடியில் சொரசொரப்பு தெரிகிறது

தோல் போல் சொரசொரப்பு அச்சிட்ட பிளாஸ்டிக்கில் ஒட்டினால் மேட்டில் மட்டும்தான் பசை படும். பார்க்கவும் நன்றாயிராது, நிற்கவும் நிற்காது. 320 நம்பர் உப்புத்தாளில் தொடங்கி 600-இல் முடித்துச் சமப்படுத்தலாம். தேய்த்த பேனலைப் பழைய தோற்றத்துக்குக் கொண்டுவர முடியாது என்பதை மனதில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். சொரசொரப்பு ஆழமாக இருந்தால் பட்டி வைத்து இழைக்க வேண்டிவரும். அது பெயிண்டர் வேலை. தொட்டால் மெத்தென்றிருக்கும் ரப்பர் பூச்சுப் பேனலைத் தேய்க்கவே வேண்டாம். அதற்கு ரெக்சின் போர்த்தும் குஷன் கடைதான் சரி.

பேனல் திரும்பப் பொருந்தவில்லை, சுவிட்ச் சிக்குகிறது

கிளிப் உட்காரும் இடங்களில் ஷீட் மடிந்திருக்கிறதா என்று பின்புறம் பாருங்கள். மெல்லிசுதானே என்று தோன்றும், ஆனால் இரண்டு பேனல் நெருக்கமாகச் சேரும் இடத்தில் அந்தக் கனமே கிரீச் சத்தமாக மாறும். கிளிப்பைச் சுற்றிய ஷீட்டை வெட்டி எடுங்கள். வெள்ளை கிளிப் ஒன்று கதவிலேயே தங்கியிருந்தால் அதைப் பிடுங்கிப் பேனலில் மாட்டிய பிறகு அழுத்துங்கள். முரட்டுத்தனமாகக் குத்தினால் பேனலில் கிளிப் மாட்டும் கால் உடையும். உடைந்துவிட்டால் சென்னையில் இருப்பவர்கள் புதுப்பேட்டையில் பழைய பேனல் தேடலாம். முதல்முறை ஒட்டுபவர்கள் அப்படி ஒரு பழைய பேனலை வாங்கி அதில் கைபழகிக்கொள்வதும் நல்லது.

பவர் விண்டோ சுவிட்சைச் சுற்றிய துளையில் ஷீட்டை உள்ளே மடிக்காதீர்கள், விளிம்போடு வெட்டுங்கள். மடித்தால் சுவிட்ச் அமுங்கிய இடத்தில் சிக்கிக்கொள்ளும். கண்ணாடி மேலேறும் நிலையில் சிக்கினால், பின்சீட்டில் குழந்தை தலையை வெளியே நீட்டியிருக்கும் நேரத்தில் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு சுவிட்சையும் இருபது முறை அழுத்தி விட்டு, தானாகத் திரும்பி வருகிறதா என்று பார்த்த பிறகுதான் காரை எடுக்க வேண்டும்.

மாட்டிய பிறகு ஏதோ ஒன்று வேலை செய்யவில்லை

ஒரு சுவிட்ச் மட்டும் செத்திருந்தால் அதன் கனெக்டர் முழுக்க உட்காரவில்லை. கழற்றி, 'டக்' என்று சத்தம் வரும்வரை அழுத்துங்கள். பேட்டரியைக் கழற்றி மாட்டியிருந்தால் பல கார்களில் கண்ணாடியின் ஒரே தட்டில் ஏறும் வசதி மறந்துபோகும். கண்ணாடியை முழுக்க மேலேற்றி, சுவிட்சைச் சில நொடி பிடித்தபடியே வைத்திருந்தால் பெரும்பாலும் திரும்பிவிடும்.

மீட்டரில் ஏர்பேக் விளக்கு அணையாமல் எரிந்தால் அதோடு உங்கள் வேலை முடிந்தது. எந்த கனெக்டரையும் மறுபடி தொடாதீர்கள். கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஸ்கேனர் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஷீட் ஒட்டினேன், இன்னின்ன பேனலைக் கழற்றினேன் என்று மறைக்காமல் சொன்னால் அவர்களுக்குத் தேடும் நேரம் மிச்சமாகும்.

பழைய ஷீட்டை உரித்தால் பசை நிற்கிறது

குளிர்ந்த நிலையில் வேகமாக இழுத்தால் ஷீட் துண்டுதுண்டாகக் கிழிந்து பசை அடியிலேயே நிற்கும். ஹேர் டிரையரால் 60 டிகிரி அளவுக்குச் சூடாக்கி, ஷீட்டை அதன் மேலேயே மடித்தபடி மெதுவாக உரியுங்கள். நிமிடத்துக்கு ஒரு சாண் போனால் போதும். மிச்சப் பசையின் மேல் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியை ஐந்து நிமிடம் போட்டுவைத்து, பிளாஸ்டிக் அட்டையால் வழியுங்கள். அதற்கும் மசியாவிட்டால் துளி மண்ணெண்ணெய் வைத்து, உடனே சோப்புத் தண்ணீரால் கழுவிவிடுங்கள். தின்னர், பெட்ரோல், நகப்பூச்சு நீக்கும் அசிட்டோன் மூன்றும் கூடாது. அசிட்டோன் ஏபிஎஸ் பிளாஸ்டிக்கையே கரைக்கும்.

சில்வர் பெயிண்ட் அடித்த பேனலாக இருந்தால், கண்ணில் படாத ஒரு மூலையில் முதலில் உரித்துப் பாருங்கள். ஷீட்டின் பசையோடு வெள்ளிச் செதில்கள் ஒட்டிக்கொண்டு வந்தால் அங்கேயே நிறுத்தி, உரித்ததைச் சூடுகாட்டித் திரும்பப் படியவிட்டு, பெயிண்டரிடம் பேனலைக் கொடுக்கும் நாள்வரை அப்படியே ஓட்டுங்கள்.